தொலைவழிக் கல்விக்கு ஒரு வெள்ளோட்டம்

புதிதாகத் தேர் ஒன்றைச் செய்து முடித்தவர்கள் அன்றைக்கே அதில் திருவுருவத்தை எழுந்தருளச் செய்து தெருவில் இழுத்துவிடுவதில்லை. முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். அச்சு தாங்குகின்றதா, சக்கரம் நேராக உருள்கின்றதா, தெரு முனையில் தேர் திரும்புகின்றதா, முட்டுக்கட்டை போடுகின்றவர்களின் கை பழகியிருக்கின்றதா என்று பார்ப்பார்கள். குறை தென்பட்டால் தச்சரை அழைத்துத் திருத்துவார்கள். திருவிழா அதன் பிறகுதான்.

கல்வித்துறையில் புதுமுறை ஒன்று புகும்போது இந்த ஒழுங்கு பல வேளைகளில் கைவிடப்படுகின்றது. முதலில் கருவி வாங்கப்படுகின்றது. அடுத்துத் திறப்பு விழா நடைபெறுகின்றது. அதற்கும் பிறகே, அதனை இயக்க வேண்டிய ஆசிரியர் அழைக்கப்படுகின்றார். தேர் நடுத்தெருவில் நின்றுவிட்டால் பழி வடம் பிடித்தவர் மீது விழுகின்றது.

தொலைவழிக் கல்வி, அஃதாவது ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் கூடாமலே கற்பித்தலும் கற்றலும் நிகழும் முறை, இக்குறைக்குப் பெரிதும் ஆளாகியிருக்கின்றது. அதனை முறையாக வெள்ளோட்டம் விடுவது எப்படி? அதற்காக ஆசிரியர் பெற வேண்டிய பயிற்சி யாது? ஒதுக்கப்படும் பணம் எங்கே செல்ல வேண்டும்? பிற நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது, தமிழ் கற்பிக்கும் நமக்கு இன்று மிகவும் வேண்டப்படுவதாகும்.

2020 இல் நாம் கண்டது

2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18 ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடிக் கிடந்தன. பாடம் வீட்டுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கல்வியமைச்சு அவ்வாண்டு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் கணினியோ கைப்பேசியோ எக்கருவியும் இல்லை என்பது தெரிய வந்தது. கருவி இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் இருந்தது கைப்பேசி ஒன்றே. அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால், மாலையில்தான் பிள்ளைக்குப் பாடம்.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் ஏப்ரல் 8 ஆம் நாள் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கினர். அங்கும் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 2003 இல் சார்ஸ் நோய் பரவிய பிறகு, அங்குள்ள பள்ளிகள் ஆண்டில் சில நாள்களை மின்வழிக் கற்றலுக்கென ஒதுக்கிப் பழகி வந்தன. 2018 இல் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான கற்றல் தளம் ஒன்றும் நடைமுறைக்கு வந்திருந்தது. பெருந்தொற்று வந்தபோது, அங்குள்ள ஆசிரியர்க்கு அம்முறை முற்றிலும் புதியதாக இல்லை. சிறிய அளவிலேனும் வெள்ளோட்டம் நடந்திருந்தது.

நம் ஆசிரியர்கள் அந்நாள்களில் பட்ட பாடு சொல்லி முடியாது. தம் கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்து அனுப்பினார்கள். தம் பணத்திலேயே இணையக் கட்டணம் செலுத்தினார்கள். பயிற்சித்தாளை அச்சிட்டுப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களின் தொண்டு போற்றுதற்குரியது. ஆனால், தொண்டுள்ளம் ஒன்றையே முதலாகக் கொண்டு ஒரு கல்வி முறையை நடத்த இயலாது. அன்று நிகழ்ந்தது நெருக்கடிக்கான ஏற்பாடு. அதனை வைத்து 'தொலைவழிக் கல்வி பயனற்றது' என்று முடிவு கட்டுவதும் தவறு. 'எல்லாரும் பழகிவிட்டோம், இனிப் பயிற்சி வேண்டா' என்று கருதுவதும் தவறு.

ஆலிஸ் ஸ்பிரிங்சு வானொலிப் பள்ளி

தொலைவழிக் கல்வி இணையத்தோடு பிறந்ததன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பெரும் மாட்டுப் பண்ணைகள் உள்ளன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல மைல் தொலைவு. அங்கு மருத்துவ உதவிக்காக 1929 முதல் ஒரு கருவி பயன்பட்டு வந்தது. ஆல்பிரடு டிரேகர் என்பவர் அமைத்த அக்கருவி, மிதிவண்டியை மிதிப்பது போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கும் வானொலிப் பெட்டியாகும். பறக்கும் மருத்துவர் சேவை அதன் வழியே நோயாளிகளின் செய்தியைப் பெற்றது.

அச்சேவையில் பொறுப்பு வகித்த அடிலெய்டு மீத்கே என்னும் அம்மையார், பண்ணைப் பிள்ளைகள் பிறரோடு பேசக் கூச்சப்படுவதைக் கண்டார். மருத்துவருக்குப் பயன்படும் வானொலி ஆசிரியர்க்கும் ஏன் பயன்படக் கூடாது என்று எண்ணினார். முதலில் சோதனைப் பாடங்கள் நடந்தன. 1951 ஆம் ஆண்டு சூன் 8 ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்சு நகரில் வானொலிப் பள்ளி முறையாகத் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டார்கள். பின்னர் பாடத்தின் முடிவில் வினாவுக்கும் விடைக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. பிள்ளை தன் குரலால் விடை சொல்லவும், அதனை நூறு மைலுக்கப்பால் உள்ள மற்றொரு பிள்ளை கேட்கவும் வழி பிறந்தது. பள்ளி வளர்ந்ததற்குக் காரணம் இம்மாற்றமே எனலாம்.

அப்பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. ஏறத்தாழ 13 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு அது கற்பிக்கின்றது. வானொலிக்கு மாற்றாகத் துணைக்கோளும் இணையமும் வந்துவிட்டன. ஆயினும் இரண்டு வழக்கங்கள் மாறவில்லை. ஆசிரியர் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் சென்று வருகின்றார். பிள்ளைகளும் ஆண்டில் சில வாரம் நகருக்கு வந்து ஒன்றாகக் கூடிப் படிக்கின்றனர். வீட்டில் பிள்ளையின் அருகே இருந்து கற்க உதவும் தாய்க்கோ துணையாசிரியர்க்கோ பள்ளியே வழிகாட்டுகின்றது. தொலைவழிக் கல்வி என்பது மனிதத் தொடர்பை நீக்குவதன்று. அரிதாகக் கிடைக்கும் தொடர்பைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதே என்பதை இப்பள்ளி காட்டுகின்றது.

சமோவா தரும் எச்சரிக்கை

ஆலிஸ் ஸ்பிரிங்சில் ஆசிரியர் நடுவில் நின்றார். ஆசிரியரை ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக்குப் பெருங்கடலில் உள்ள அமெரிக்க சமோவா சான்றாகும்.

1961 இல் அங்கு ஆளுநராக அமர்ந்த ரெக்ஸ் லீ என்பவர், பள்ளிகளின் தாழ்நிலையை விரைவில் மாற்ற விரும்பினார். தகுதி பெற்ற ஆசிரியர் போதிய அளவில் இல்லை. எனவே பாடங்களைத் தொலைக்காட்சி வழியே நடத்த முடிவு செய்தார். புதிய பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. மலையுச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. ஆறு அலைவரிசைகள் ஏற்பட்டன. 1964 இல் ஒளிபரப்புத் தொடங்கியது. அமெரிக்கத் தலைநிலத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் நிலையத்தில் பாடம் நடத்தினர். வகுப்பறையில் இருந்த சமோவா ஆசிரியர், முன்பே வகுக்கப்பட்ட குறிப்பின்படி பாடத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சி கொடுப்பவரானார்.

சில ஆண்டுகள் பாராட்டுக் கிடைத்தது. கீழ்வகுப்புகளில் பயனும் இருந்தது. ஆனால், ஒரே வேகத்தில் ஓடும் ஒளிபரப்பு, விரைந்து கற்பவனுக்கும் மெல்லக் கற்பவனுக்கும் ஒருங்கே பொருந்தவில்லை. மேல்வகுப்பு மாணவர் சலிப்புற்றனர். ஆசிரியர்களும் பயிற்சியும் தகுதியும் பெறப் பெற, தம் வகுப்பைத் தாமே நடத்த விரும்பினர். 1970 களில் தொலைக்காட்சிப் பாடம் படிப்படியாகக் குறைந்து துணைக்கருவி என்னும் நிலைக்கு வந்தது.

ஆசிரியர் குறையை ஈடுசெய்யக் கருவியைக் கொணர்வது குற்றமன்று. ஆனால், வகுப்பறையில் இருப்பவருக்குத் தீர்மானிக்கும் உரிமை இல்லையேல், அவர் அம்முறையைத் தமதாகக் கருதமாட்டார். தமதெனக் கருதாத ஒன்றை யார் பழுது பார்ப்பார்?

நிகராகுவாவின் கணக்குப் பாடம்

வெள்ளோட்டம் எப்படி நடைபெற வேண்டும் என்பதற்கு நடு அமெரிக்காவில் உள்ள நிகராகுவா நாட்டின் வானொலிக் கணக்குத் திட்டம் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்க அரசின் அனைத்துலக வளர்ச்சி முகமை பணம் கொடுத்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், நிகராகுவா நாட்டுக் கல்வியாளர்களோடு சேர்ந்து மசாயா என்னும் ஊரில் பணியாற்றினர். 1970 களின் நடுவில் பாடங்கள் தொடங்கின.

பாடம் எளிய அமைப்புடையது. ஏறத்தாழ அரைமணி நேரம் வானொலி பேசும். அது சொற்பொழிவன்று. 'மூன்றும் நான்கும் எத்தனை?' என்று குரல் கேட்கும். சில நொடி நிற்கும். பிள்ளைகள் வாய்விட்டு விடை சொல்வார்கள். பின்னர் குரல் சரியான விடையைச் சொல்லும். ஓர் அரைமணிப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் 40 முதல் 50 முறை விடை கூற வேண்டியிருந்தது. அதன் பின் ஏறத்தாழ அரைமணி நேரம் வகுப்பாசிரியர், கையேட்டின் துணையோடு, பயிற்சி நடத்துவார். பெரிய வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தும் ஒருமுறைகூட வாய் திறவாத பிள்ளைகளை அறிந்த நமக்கு, இந்த 40 என்னும் எண்ணின் பெருமை விளங்கும்.

ஆனால், இத்திட்டத்தின் உயிர்நிலை ஒலிபரப்பில் இல்லை. அதனைத் திருத்திய முறையில் இருந்தது. முதலில் சில வகுப்புகளில் மட்டுமே பாடம் நடந்தது. பார்வையாளர் வகுப்பில் அமர்ந்து, பிள்ளைகள் எந்த இடத்தில் தயங்குகின்றனர், எந்த இடத்தில் கவனம் சிதறுகின்றது என்று குறித்தனர். பிள்ளைகளுள் சிலரைத் தெரிந்தெடுத்து வாரந்தோறும் சிறு தேர்வு வைத்தனர். கழித்தலில் பலர் தவறினால், அடுத்து எழுதப்படும் பாடங்களில் கழித்தலுக்கு மேலும் இடம் கொடுத்தனர். அச்சிட்ட பயிற்சித்தாள்களுக்கு மிகுந்த செலவாகின்றது என்று கண்டபோது அவற்றைக் குறைத்தனர். பிழை காண்பதை இழிவாகக் கருதவில்லை. பிழை காண்பதற்கென்றே ஆளும் நேரமும் பணமும் ஒதுக்கியிருந்தனர்.

விளைவு என்ன? வானொலியில் கற்ற வகுப்புகள், வழக்கமான முறையில் கற்ற வகுப்புகளைவிடத் தேர்வில் தெளிவாக மேம்பட்டு நின்றன. நகரத்துப் பிள்ளைகளைவிட நாட்டுப்புறப் பிள்ளைகள் மிகுந்த பயன் பெற்றனர். கெனியாவில் ஆங்கிலம் கற்பிக்கவும், தொமினிக்கன் குடியரசில் பள்ளிக்கே செல்ல இயலாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் பின்னர் இதே முறை மேற்கொள்ளப்பட்டது.

எனினும் பிறந்த நாட்டில் அது நாடு தழுவிய நிலைத்த ஏற்பாடாக வேரூன்றவில்லை. அயல்நாட்டு நிதியின் காலம் முடிவுற்றது. 1979 இல் புரட்சியும் நிகழ்ந்தது. வெள்ளோட்டத்தில் நன்றாக ஓடிய தேர் கொட்டிலிலேயே நின்றுவிட்டது. வெள்ளோட்டத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கி, திருவிழாவுக்கு யார் பொறுப்பு என்று முன்னரே தீர்மானிக்காத திட்டங்களின் முடிவு இதுவேயாகும்.

இதற்கு மாறான காட்சியை மெக்சிகோவில் காணலாம். நாட்டுப்புறங்களில் இடைநிலைப் பள்ளி இல்லாத குறையைப் போக்க, அந்நாட்டரசு 1966 இல் ஒரு சிறு மாணவர் குழுவைக் கொண்டு தொலைக்காட்சிப் பாடத்தைச் சோதித்தது. 1968 இல் முறையாகத் தொடங்கியது. பாடத்தைத் தொலைக்காட்சி கொண்டு வந்தாலும், ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியர் இருந்தார். செலவும் அரசின் வழக்கமான கல்விக் கணக்கில் சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அம்முறையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பயில்கின்றனர். நிலைத்து நிற்பதற்குக் காரணம் கருவியின் சிறப்பன்று. ஆசிரியரும் பணமும் ஆண்டுதோறும் தவறாமல் இருந்ததே.

ஆசிரியர்க்கும் தொலைவழியே பயிற்சி

'பயிற்சி கொடுக்க வேண்டும் என்கின்றீர்கள். ஊர்ப்புறத்தில் சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டுவது எப்படி?' என்று கேட்கலாம். இதற்கு இந்தியா ஒரு விடை கண்டது.

1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோளைப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி காட்டியதோடு அத்திட்டம் நிற்கவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பன்னிரண்டு நாள் பயிற்சி, அதே துணைக்கோள் வழியே நடத்தப்பட்டது. இரு முறையாக ஏறத்தாழ 48,000 ஆசிரியர்கள் அப்பயிற்சியைப் பெற்றனர்.

அதன் அமைப்பை உற்று நோக்க வேண்டும். தொலைக்காட்சியைப் பார்த்தவுடன் பயிற்சி முடிந்துவிடவில்லை. வானொலி விளக்கம் ஒன்று இருந்தது. அச்சிட்ட வழிகாட்டி இருந்தது. ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு தம் கையாலேயே சோதனை செய்தனர். உதவி செய்ய ஒருவர் உடனிருந்தார். ஆசிரியர் முதலில் தொலைவழி மாணவராக இருந்து பார்த்தார். எந்த இடத்தில் சலிப்பு வருகின்றது, எந்த இடத்தில் ஐயம் எழுகின்றது என்பதைத் தாமே உணர்ந்தார். தொலைவழியே கற்றறியாதவர் தொலைவழியே கற்பிக்க அறிதல் அரிது.

பயிற்சி என்பது யாது?

இன்று பயிற்சி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது கருவியை இயக்கக் காட்டுவதே. எந்தப் பொத்தானை அழுத்தினால் திரை தோன்றும், எப்படி மாணவரை உள்ளே அழைப்பது என்பவை ஒரு பிற்பகலில் கற்கத்தக்கவை. அவை பயிற்சியின் வாயிற்படி. உள்ளே மூன்று கூடங்கள் உண்டு.

முதலாவது, பாடத்தைத் திருப்பி எழுதுதல். நேரில் நாற்பது நிமிடம் நடத்தும் பாடத்தை அப்படியே திரையில் நடத்தினால் பிள்ளை பத்தாவது நிமிடத்தில் மனத்தால் வெளியேறிவிடும். பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளை ஏதேனும் செய்யுமாறு அமைக்க வேண்டும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நிகராகுவாப் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் இருந்தபடியால் சேர்ந்து குரல் கொடுத்தனர். வீட்டுக்கு ஒருவராக இணையத்தில் இருக்கும் பிள்ளைகளைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னால், ஒலி முன்னும் பின்னுமாக வந்து மோதிக் கூச்சலாகும். ஆகவே விடையைச் சிறு பலகையில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம். விரலால் காட்டச் சொல்லலாம். ஒரு நாட்டில் வென்ற முறையை அப்படியே பெயர்த்து நடுதல் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, காணாத பிள்ளையின் கருத்தறிதல். வகுப்பறையில் ஒரு பிள்ளையின் முகமே 'விளங்கவில்லை' என்று கூறிவிடும். தொலைவில் அம்முகம் இல்லை. தமிழாசிரியர்க்கு இது பெருந்தடை. வலி, வழி, வளி என்னும் மூன்றையும் பிள்ளை ஒலிக்கும்போது, சிறிய ஒலிபெருக்கியின் வழியே வேறுபாடு தெளிவாகக் கேட்பதில்லை. பனி, பணி என்பவற்றுக்கும் இதே நிலை. பிள்ளையின் நா எங்கே தொடுகின்றது என்பதை நாம் பார்க்கவும் இயலாது. ஆதலால், சொல்லைக் கேட்டுப் பொருந்தும் படத்தைத் தெரிந்தெடுத்தல், சொல்லை வாக்கியத்தில் அமைத்தல், பிள்ளை தன் குரலைப் பதிவு செய்து தானே மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகிய மாற்று வழிகளை ஆசிரியர் கற்றுப் பழக வேண்டும்.

மூன்றாவது, வெள்ளோட்டத்தின் முடிவைப் படித்தல். 'பாடம் நன்றாக இருந்தது. பிள்ளைகள் மகிழ்ந்தனர்' என்பது சான்றாகாது. தொடங்குமுன் ஒரு சிறு தேர்வு, இடையில் சில, முடிவில் ஒன்று. இம்முறையில் கற்ற வகுப்பையும் கல்லாத வகுப்பையும் ஒப்பிடல். கலந்துகொள்ளாத பிள்ளை யார், ஏன் என்று வினவல் ஆகியவை வேண்டும். மூன்றாம் வினாவே முதன்மையானது. தொலைவழிப் பாடத்தில் சராசரி மதிப்பெண் உயர்ந்து காட்டலாம். ஏழைப் பிள்ளை கணக்கிலேயே வராமல் போயிருக்கலாம்.

பணம் எங்கே செல்ல வேண்டும்?

ஒரு வெள்ளோட்டத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தவுடன் கருவி விற்போர் முதலில் வந்து நிற்பர். கருவி கண்ணுக்குத் தெரியும் பொருள். கணக்கில் காட்ட எளிது. படம் எடுக்க அழகு. ஆசிரியரின் நேரம் கண்ணுக்குத் தெரியாத பொருள். ஆனால், மேற்கூறிய எல்லாத் திட்டங்களிலும் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்தது அதுவே.

அரைமணித் தொலைவழிப் பாடம் ஒன்றை ஒழுங்காக எழுதி, பதிவு செய்து, திருத்துவதற்குப் பல மணி நேரம் வேண்டும். அதனை முழு நேரப் பாடவேளைக்கும் மன்ற நடவடிக்கைக்கும் எழுத்து வேலைக்கும் மேலாக ஆசிரியரின் இரவுத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வது முறையன்று. ஆகவே நிதி ஒதுக்குவோர்க்கு நாம் முன்வைக்கும் வரிசை இது:

முதல் செலவு, ஆசிரியர்க்கு நேரம். வாரத்தில் சில பாடவேளைகளை விடுவித்து, அவ்விடத்துக்கு மாற்றாசிரியர் அமர்த்துதல்.

இரண்டாம் செலவு, தொடர்ந்த பயிற்சி. ஒருநாள் பட்டறையோடு முடிந்துவிடாமல், தவணை முழுதும் மாதம் ஒருமுறை கூடி, பாடத்தைக் காட்டி, குறையைப் பேசித் திருத்துதல்.

மூன்றாம் செலவு, பிள்ளையின் பக்கம். கருவி இல்லாதவர்க்கு இரவல் கருவி, இணையக் கட்டணம், அச்சுத்தாள். பிள்ளைக்கு அமைதியாக அமர இடம் இல்லையேல், தோட்டத்து மண்டபத்திலோ நூலகத்திலோ ஓர் இடமும் அதற்குப் பொறுப்பான ஒருவரும்.

நான்காம் செலவு, பார்வையாளரும் தேர்வும். திட்டத்தை நடத்துபவரல்லாத ஒருவர் அதனை மதிப்பிடுதல்.

ஐந்தாவதாகவே புதுக் கருவி. முன்னரே பள்ளியில் உள்ளதைக் கொண்டு இயலாது என்று கண்ட பின் வாங்குதல்.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். இரண்டாம் ஆண்டுச் செலவை யார் ஏற்பார் என்பது முதலாண்டு தொடங்குமுன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பழுது பார்த்தலும் இணையக் கட்டணமும் திறப்பு விழாவோடு முடிவனவல்ல. அவ்வாறே, வெள்ளோட்டம் தோற்றால் ஆசிரியர் மீது குற்றம் சாட்டப்படாது என்ற உறுதியும் வேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில், எல்லா அறிக்கையும் வெற்றி அறிக்கையாகவே வரும்.

நாம் எங்கே தொடங்கலாம்?

பெருந்தொற்று நீங்கிய பின் தொலைவழிக் கல்வி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நிலைமையை எண்ணிப் பார்த்தால், மலேசியத் தமிழ்க் கல்விக்கு அது பிறரினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது என்பது புலனாகும்.

நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் 150 மாணவர்க்கும் குறைவான பள்ளிகள் பல. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறியபின், முப்பது பிள்ளைகளும் இல்லாத பள்ளிகளும் உள்ளன. அத்தகைய இடங்களில் இரு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்திப் பாடம் நடத்த நேர்கின்றது. ஒரு வகுப்பில் நான்கு பிள்ளைகள் மட்டுமே இருந்தால், உரையாடல் ஏது? போட்டி ஏது? ஒருவர் கட்டுரையை மற்றவர் கேட்டு மகிழ்தல் ஏது? ஆலிஸ் ஸ்பிரிங்சுப் பிள்ளைகளின் தனிமைக்கும் இவர்களின் தனிமைக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

இடைநிலைப் பள்ளியிலோ வேறொரு சிக்கல். 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினால் தமிழ் வகுப்பு நடத்த வழியுண்டு. பதினான்கு பேர் உள்ள பள்ளியில் அப்பிள்ளைகளின் கதி என்ன? எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எழுத விரும்பும் மாணவர், பள்ளியில் ஆசிரியர் இல்லாமல், தன்னார்வலர் நடத்தும் வார இறுதி வகுப்பை நாடுகின்றனர். வகுப்புக்கு வர இயலாத தொலைவில் உள்ளவர் அப்பாடத்தைக் கைவிடுகின்றனர். சிங்கப்பூரிலும் தமிழ் மாணவர் தொகை குறைந்த பள்ளிகளின் பிள்ளைகள், வேறொரு நிலையத்துக்குச் சென்று தமிழ் பயில்கின்றனர். சிதறிக் கிடக்கும் சிறு தொகையினரை ஒரு வகுப்பாக்குவதே தொலைவழிக் கல்வியின் தலையாய தொழில். அது நம் தேவையோடு அப்படியே பொருந்துகின்றது.

ஆதலால் சிறிய வெள்ளோட்டம் ஒன்றை இவ்வாறு கருதிப் பார்க்கலாம். ஒரே மாவட்டத்தில் அருகருகே உள்ள நான்கு சிறு பள்ளிகள். ஐந்தாம் ஆண்டு வகுப்பு. பாடம் தமிழ் ஒன்றே. காலம் ஒரு தவணை. நான்கு ஆசிரியர்களும் வாரம் இரு பாடங்களைச் சேர்ந்து எழுதுகின்றனர். கதை சொல்வதில் வல்லவர் கதையை நடத்துகின்றார். இலக்கணத்தில் வல்லவர் இலக்கணத்தை நடத்துகின்றார். மற்ற மூவரும் தத்தம் வகுப்பில் பிள்ளைகளின் அருகே இருக்கின்றனர். ஆசிரியரில்லாத வகுப்பு என்று ஒன்றுமில்லை. தவணையில் ஒருமுறை நான்கு பள்ளிப் பிள்ளைகளும் நேரில் கூடி, திரையில் கண்ட முகங்களோடு உறவாடுகின்றனர். வாரந்தோறும் ஐந்து வினாக்கள் கொண்ட தேர்வு. திங்கள் இறுதியில் ஆசிரியர்கள் கூடி, எது பயன்பட்டது, எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்கின்றனர். வேறு நான்கு சிறு பள்ளிகள் வழக்கமான முறையில் நடக்கின்றன. ஒப்பிட அவை வேண்டும்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் மன்றங்களும் பரிசளிப்பு விழாவுக்கும் கருவி அன்பளிப்புக்கும் மனமுவந்து கொடுக்கின்றன. அக்கொடையில் ஒரு பகுதி, மாற்றாசிரியர் ஊதியத்துக்கும் பயிற்சிக் கூட்டத்துக்கும் செல்லட்டும். கல்விக் கழகங்களில் தமிழாசிரியரைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளர்கள் பார்வையாளராக வரட்டும். பயிற்சி மாணவரையும் உடன் அழைத்து வரட்டும். கிடைக்கும் முடிவு நல்லதாயினும் அல்லதாயினும் அதனை எழுதி, பிற ஆசிரியர் படிக்கும்படி வெளியிட வேண்டும். ஒரு பள்ளியின் தவறு மற்றொரு பள்ளிக்குத் தெரியாமல் மறைவதால், ஒவ்வொருவரும் அதே தவறைத் தம் செலவில் மீண்டும் செய்கின்றோம்.

மலேசியாவுக்குத் தொலைவழிக் கல்வி புதிதன்று. 1971 இலேயே பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பயில வழி வகுத்தது. 1972 இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. இன்று பணியில் உள்ள ஆசிரியர் பலர் தொலைவழியே பட்டம் பெற்றவர்கள். அஞ்சலில் வந்த பாடத்தை இரவில் தனியே அமர்ந்து படித்த இடர்ப்பாடு அவர்களுக்குத் தெரியும். எந்தச் சொல் விளங்காமல் நின்றது, எந்த ஆசிரியரின் ஒருவரிக் குறிப்பு மீண்டும் ஊக்கம் அளித்தது என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்நினைவே பயிற்சிக்கு நல்ல முதல். அதனை வைத்துக்கொண்டு அடுத்த தவணையிலேயே நான்கு பள்ளிகள் முன்வரலாம். அவர்கள் கேட்பது கருவியன்று, நேரம். புகழ்ச்சியன்று, தவறித் திருந்த உரிமை. பொறுப்பிலுள்ளோர் அவ்விரண்டையும் வழங்க முன்வருவார்களாக.